கண்காட்சிக்கும் ஒரு பத்ததி வேண்டும்

மட்டக்களப்பில் ஒரு சிற்பக் கண்காட்சியோ, பொருட்களைக் கொண்டு ஓர் இடத்தையே படைப்பாக்கும் தாபனக் கலைக் காட்சியோ முடிந்த மறுநாள், அங்கே இருந்தவையெல்லாம் எங்கே போகின்றன என்ற கேள்வி நெடுங்காலமாக என் மனத்தில் தைத்துக் கிடக்கிறது. இங்கே இத்தகைய காட்சிகள் பெரும்பாலும் ஒரு வாரத்துக்கு மேல் நிற்பதில்லை. இறுதி நாள் மாலையில் சான்றிதழ்கள் வழங்கப்படும், குழுப்படம் எடுக்கப்படும், அடுத்த நாள் காலையில் மண்டபத்தை வேறொரு கூட்டத்துக்கு ஒப்படைக்க வேண்டியிருக்கும். இரவல் வாங்கிய செங்கற்கள் மேசனிடமும், பிளாஸ்டிக் கதிரைகள் கோயில் மண்டபத்துக்கும், அம்மாவின் சேலைகள் வீட்டு அலுமாரிக்கும் திரும்பிவிடும். மருதமுனைத் தறிகளிலிருந்து பாவு நூலைக் கொண்டுவந்து ஓர் அறை முழுவதும் இழுத்துக் கட்டியிருந்த அம்பாறை மாவட்டத்து மாணவர் ஒருவர், காட்சி முடிந்ததும் அந்த நூலைப் பத்திரமாகச் சுற்றித் தறிக்கே கொடுத்துவிட்டார். இப்போது அது யாரோ உடுத்தும் சாரமாக இருக்கும். திரும்பிப் போக இடமில்லாதவை மட்டும், அதாவது உடைந்த சாந்துத் துண்டுகளும் வளைத்த கம்பிகளும் நனைந்த காகிதக் கூழும், மண்டபத்தின் பின்புறத்தில் மழைக்கு ஒதுங்கிய குவியலாகக் கிடக்கும்.

இதைப் பார்த்து வருந்த வேண்டுமா, வேண்டாமா என்பதில் எனக்குள் ஒரு முடிவும் வரவில்லை. வருந்த வேண்டியதில்லை என்பதற்கு இந்த ஊரிலேயே வலுவான காரணம் உண்டு. நிலைத்து நிற்பதற்காகச் செய்யப்படாத கலை, வாவியின் கிழக்கே எழுவான்கரைக்கும் மேற்கே படுவான்கரைக்கும் புதியதன்று. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கு நடக்கும்போது பந்தலும் தோரணமும் குருத்தோலைச் சோடனையும் கும்பங்களும் மடை எனும் படையல் பரவலும் சேர்ந்து உருவாக்கும் வெளியை, ஓர் அறையின் முழுப் பரப்பையும் பயன்படுத்தும் இன்றைய தாபனப் படைப்பு எதனோடு வேண்டுமானாலும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நிறம், மணம், ஒலி, மக்கள் நடந்து செல்லும் வழி, எவர் எதுவரை செல்லலாம் என்ற எல்லை ஆகிய யாவும் அங்கே கணக்கிடப்பட்டிருக்கின்றன. சடங்கின் நிறைவில் திருக்குளிர்த்தி பாடி முடிந்த பிறகு அவ்வளவும் கலைக்கப்படுகிறது. ஓலை வாடிவிட்டதே என்று எவரும் கண்ணீர் விடுவதில்லை. கூத்துக்கும் அப்படித்தான். வட்டக்களரியில் விடிய விடிய ஆடி முடிந்தால், பொழுது புலர்ந்ததும் களரி வெறும் மண்மேடாகிவிடும்.

ஆனால் இந்த ஒப்பீட்டை இந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு நிம்மதி அடைகிறவர்கள் அதன் மறுபாதியைக் கவனிப்பதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. பந்தல் கலைந்தாலும், சடங்கை நடத்தும் பூசகரான கட்டாடியாரிடம் பத்ததி எனும் செய்முறை ஏடு இருக்கிறது. எந்தத் தெய்வத்துக்கு எந்த மடை, எந்த நாளில் எது முதலில், எத்தனை கும்பம், எந்தப் பாடல் எப்போது என்பதெல்லாம் ஏட்டிலும் கொப்பியிலும் கைப்பழக்கத்திலும் பதிந்திருக்கின்றன. களரி மண்மேடானாலும், கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரிடம் கூத்துக் கொப்பி இருக்கிறது. அதில் இல்லாத ஆட்டத் தாளக்கட்டு அவர் உடம்பில் இருக்கிறது. அடுத்த ஆண்டும் அது வரும் என்ற உறுதி இருப்பதால்தான் கலைப்பதற்கு ஒருவருக்கும் மனம் வலிப்பதில்லை. எங்கள் கண்காட்சிகளோ கலைக்கும் பழக்கத்தை மட்டும் மரபிலிருந்து எடுத்துக்கொண்டன. திரும்பச் செய்வதற்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளவில்லை.

வலையும் உப்பும்

இந்த எண்ணம் எனக்குள் உறைக்கக் காரணமாக இருந்தது ஒரு மாணவி செய்த படைப்பு. அவரின் பெயரையோ, அந்த மண்டபத்தின் பெயரையோ இங்கே குறிப்பிடப்போவதில்லை. வாவிக்கு முகம் பார்த்த பழைய கட்டடம் ஒன்றில், தை மாதத்தில், மாரி மழை இன்னும் முழுதாக விலகாத நாட்களில் அந்தக் காட்சி நடந்தது. அதில் இருந்த பல படைப்புகளைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. ஒற்றைச் செருப்பு, உடைந்த யன்னல், முட்கம்பி ஆகிய மூன்றையும் வைத்து 2004 டிசம்பர் ஆழிப்பேரலையையும் போர்க்காலத்தையும் சொல்லிவிடலாம் என்ற வாய்பாடு எங்கள் இளையவர்களிடம் நன்றாகப் படிந்துவிட்டது; செய்தவரின் துயரம் உண்மையாக இருந்தாலும், பார்ப்பவருக்கு அது ஏற்கெனவே பார்த்த துயரமாகவே தெரிகிறது. சீமெந்தில் வார்த்த ஒரு முதிய பெண்ணின் தோளும் கழுத்தும் மட்டும் நல்ல சிற்பக் கை ஒன்று வந்துகொண்டிருப்பதைக் காட்டின. மற்றபடி, மண்டபத்தின் கடைசி அறையில் இருந்த அந்த வலையைத்தான் நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தேன்.

அது அவருடைய தந்தையின் வீச்சுவலை. வாவியில் தோணியில் நின்று வீசும் வலை. ஓரம் முழுவதும் ஈயக்குண்டு கோத்தது. பல இடங்களில் வேறு நிற நைலோன் நூலால் பொத்தியது. அதன் உச்சியில் கட்டிய கயிறு கூரை மரத்தில் மாட்டிய ஒரு கப்பியின் வழியாக அறையின் மறுபுறம் இறங்கியது. அந்த முனையில் கல்லுப்பு நிரப்பிய ஒரு சீலைப் பை தொங்கியது. அதன் கீழே ஓர் அலுமினியத் தாச்சி. வலை கூம்பாக விரிந்து தொங்க, அதன் ஈயக்குண்டுகள் தரையில் பரப்பியிருந்த கடற்கரை மணலைத் தொட்டும் தொடாமலும் நின்றன. முதல் நாள் பார்த்தவர்களுக்கு அழகான ஒரு கூடாரம் மட்டுமே தெரிந்திருக்கும்.

படைப்பின் உயிர் உப்பில் இருந்தது. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைக் கடக்கும்போது உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். சுத்திகரிக்காத கல்லுப்பில் மக்னீசியம் உப்புகளும் கலந்திருப்பதால் அது இன்னும் எளிதாகக் கசியும். மாரி காலத்தில் எங்கள் குசினி உப்புச் சாடிகளில் எல்லோரும் பார்த்திருப்பதுதான். யன்னல்களைத் திறந்து வைத்திருந்ததால் வாவிக் காற்று இரவு முழுவதும் பையைத் தொட்டது. பை கசிந்து, உப்புநீர் சொட்டுச் சொட்டாகத் தாச்சியில் விழ, பையின் எடை குறைந்தது. எடை குறையக் குறைய மறுபுறத்தில் வலை இறங்கியது. ஒரேயடியாக விழுந்துவிடாமல் அது ஏன் சிறிது சிறிதாக இறங்கியது என்று நான் கேட்டபோது அந்தப் பிள்ளை தெளிவாக விளக்கினார்: குண்டுகள் மணலில் அமர்ந்தவுடன் அவற்றின் பாரத்தை மணல் ஏற்றுக்கொள்கிறது, கயிற்றில் தொங்கும் பாரம் குறைகிறது, ஆகவே வலை மீண்டும் சமநிலைக்கு வந்து நின்றுவிடுகிறது, உப்பு இன்னும் கொஞ்சம் கரைந்தால் இன்னும் கொஞ்சம் இறங்கும். கப்பியில் உராய்வு இருந்ததால் அது நேரத்துக்கு நேரம் ஒரு சிறு துள்ளலோடு இறங்கி, ஒவ்வொரு துள்ளலுக்கும் மணலில் ஒரு புதிய வரியைப் பதித்தது. காட்சி முடியும் நாளில் வலை முழுவதும் மணலில் படுத்திருக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. வீட்டுக் கூரையில் பழைய வலையைக் கட்டி, வெவ்வேறு அளவு உப்பு வைத்து, அந்தக் கணக்கை அவர் முன்கூட்டியே சோதித்தும் இருந்தார். ஆனால் இவை எவையும் எழுதப்படவில்லை. சுவரில் ஒட்டியிருந்த அட்டையில் தலைப்பும் பெயரும் "வலை, உப்பு, மணல்" என்ற மூன்று சொற்களும் மட்டுமே இருந்தன.

இரண்டாம் நாள் மாலையில் அவருடைய தந்தை வந்தார். மகள் ஏதோ அலுவலாக வெளியே போயிருந்தார். வலையின் கீழ்ப்பாதி மணலில் சரிந்து கிடப்பதை அவர் பார்த்திருக்கிறார். வாழ்நாள் முழுவதும் வலையோடு இருந்த ஒருவருக்கு அது என்னவாகத் தெரியும்? காவலாளியிடம் ஏணி வாங்கி, கயிற்றை இழுத்து, வலையை முதல் நாள் நின்ற உயரத்துக்குத் தூக்கி, கயிற்றை யன்னல் கம்பியில் ஒரு கட்டுப் போட்டு இறுக்கிவிட்டார். நான் உள்ளே போனபோது அவர் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"வலை இறங்கிப் போச்சு சேர். பிள்ளை கட்டினது நிக்கல்ல. நான் இழுத்துக் கட்டிட்டன். இனி ஒரு கிழமைக்கு அசையாது."

அவர் போட்ட முடிச்சை நான் அருகில் சென்று பார்த்தேன். கயிறு கம்பியை இரு முறை சுற்றி, தன்மேல் தானே ஏறி, முனை உள்ளே செருகப்பட்டிருந்தது; பாரம் கூடக் கூட இறுகும், முனையை இழுத்தால் ஒரு நொடியில் அவிழும். கண்காட்சி முழுவதிலும் அவ்வளவு துல்லியமாகச் செய்யப்பட்ட வேறொரு பொருள் இருந்ததாக எனக்கு நினைவில்லை. உப்புப் பை இப்போது வேலையற்றுத் தொய்ந்து தொங்கியது, ஆனாலும் சொட்டிக்கொண்டிருந்தது.

மகள் திரும்பி வந்து பார்த்தார். "அப்பா, அது இறங்கத்தான் வேணும்" என்றார். "வலை மண்ணில கிடந்தா நூல் தேஞ்சு அறுந்திடும் மனே" என்றார் தந்தை. தந்தை போன பிறகு மகள் கயிற்றை அவிழ்த்துவிடுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் அவிழ்க்கவில்லை. "அவர் கட்டினதை நான் எப்படி அவிழ்க்கிறது சேர்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மணலில் பதிந்திருந்த வரிகளின்மேல் எவரும் கால் வைக்காதபடி ஒரு கயிறு கட்டினார்.

அடுத்த நாட்களில் வந்தவர்கள் பார்த்தது வேறொரு படைப்பு. வலை உயரத்தில் இருந்தது. அதன் அடியில், இரண்டு நாட்களாக அது பதித்த வரிகள் இருந்தன. பக்கத்தில் காரணம் தெரியாமல் ஓர் உப்புப் பை சொட்டிக்கொண்டிருந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த ஒருவர் அதன் முன் நின்று, உறைந்துபோன காலத்தைப் பற்றி நீண்ட நேரம் பேசினார். அவர் சொன்னது பொருந்தாமலும் இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை.

யாழ் திரும்பி வந்த வழி

ஒரு படைப்பு தன் இரண்டாம் நாளிலேயே வேறொன்றாக மாறிவிட்டது. முதலில் என்னவாக இருந்தது என்பதற்கு மகளின் நினைவைத் தவிர வேறு சான்று இல்லை. தந்தை செய்ததில் நான் ஒரு பிழையையும் காணவில்லை. அவருக்கு வாசிக்க அங்கே ஒன்றும் இருக்கவில்லை. இருந்திருந்தால் அவர் கட்டியிருக்க மாட்டார், அல்லது தெரிந்தே கட்டியிருப்பார். இரண்டில் எது நடந்திருந்தாலும் படைப்புக்கு நல்லதே.

மட்டக்களப்பின் கல்லடியில் இதைப் பற்றிப் பேசும்போது விபுலாநந்த அடிகளை நினைக்காமல் இருக்க முடியாது. காரைதீவில் 1892இல் பிறந்தவர். அவருடைய சமாதி இங்கே சிவானந்த வித்தியாலய வளவில் இருக்கிறது. இப்பகுதியில் காண்பியக் கலையைப் பல்கலைக்கழக மட்டத்தில் கற்பிக்கும் நிறுவகமும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1947இல் வெளிவந்த அவருடைய யாழ் நூல் என்ற ஆராய்ச்சியை எங்கள் பிள்ளைகள் இசை வரலாறாக மட்டும் படிக்கிறார்கள். எனக்கு அது, அழிந்துபோன ஒரு பொருளை மீண்டும் செய்வது எப்படி என்ற வினாவுக்கான விடையாகவும் தெரிகிறது. அவருடைய காலத்தில் பழந்தமிழரின் யாழ் ஒன்று கூட மரமும் நரம்புமாக எஞ்சியிருக்கவில்லை. எஞ்சியிருந்தது செய்யுள். சிலப்பதிகார அரங்கேற்று காதையிலும் பழைய உரைகளிலும் இருந்த உறுப்பு விவரங்களையும் பண்ணும் திறமும் பற்றிய குறிப்புகளையும் கணிதத்தோடு சேர்த்து வைத்து, அவர் யாழ் வகைகளின் வடிவத்தையும் சுருதியையும் மீட்டுக் காட்டினார். நூலின் அரங்கேற்றத்தில் அவ்வாறு செய்யப்பட்ட யாழ்கள் ஒலித்தன. பொருளைச் செய்தவர்கள் அதைப் பேணவில்லை, அல்லது பேண முடியவில்லை. எவரோ அதை எழுதி வைத்திருந்தார்கள். அந்த எழுத்து போதுமானதாக இருந்தது.

உலகின் வேறு இடங்களில் இதையே தொழிலாகச் செய்தவர்களும் உண்டு. அமெரிக்கக் கலைஞர் சொல் லெவிட் 1968 முதல் சுவர் ஓவியங்களைப் படைத்தார். அவருடைய படைப்பு என்பது கோடுகளை எப்படி இழுக்க வேண்டும் என்ற எழுத்து மூலமான அறிவுறுத்தலே. கண்காட்சி முடிந்தால் சுவருக்குச் சுண்ணம் பூசிவிடலாம். வேறு ஊரில், வேறு கைகள், அதே அறிவுறுத்தலைக் கொண்டு மீண்டும் வரையலாம். அவர் 2007இல் இறந்த பிறகும் அவை வரையப்படுகின்றன. மசாசூசெற்சில் ஒரு பழைய ஆலைக் கட்டடத்தில் 2008இல் வரையப்பட்ட 105 சுவர் ஓவியங்கள் 2043 வரை இருக்கும் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. இதைக் கேட்டு வியப்பதற்கு எங்கள் கட்டாடியார் எவருக்கும் ஒன்றும் இருக்காது.

இலங்கைக்குள்ளேயே இரண்டு எதிரெதிர் உதாரணங்கள் என் மனத்தில் உள்ளன. ஜகத் வீரசிங்க, எம்பிலிப்பிட்டியவில் காணாமற் போன பாடசாலை மாணவர்களின் நினைவாக பத்தரமுல்லையில் அமைத்த நினைவிடம் 1999இல் எழுந்தது. நிலைத்து நிற்பதற்காகவே கட்டப்பட்டது. பராமரிப்பின்றிச் சிதைந்து இன்று அது இல்லை. சந்திரகுப்த தேநுவரவோ, வீதித் தடைகளில் நின்ற பீப்பாய்களை 1997இல் கலைப்பொருளாக்கிய காலம் முதல், 1983 கறுப்பு ஜூலையை நினைவுகூர ஆண்டுதோறும் ஜூலை 23ஐ ஒட்டி ஒரு கண்காட்சி வைத்து வருகிறார். கட்டடம் போய்விட்டது, திகதி நின்றுவிட்டது. வைகாசிச் சடங்கு அறிந்த எவருக்கும் இரண்டாவது வழியின் பலம் உடனே விளங்கும். இன்னொரு வழியை த. சனாதனன் காட்டினார். 2004இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் நடந்த காட்சிக்காக அவர் வீடுகளிலிருந்து மக்களின் பொருட்களைச் சேகரித்து வைத்தார். பின்னர், இடம்பெயர்ந்தவர்கள் தாங்கள் இழந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்த தரைப்படங்களைச் சேர்த்து, 2011இல் ஓர் அலுவலகக் கோப்பின் வடிவில் வெளியிட்டார். அந்தக் கோப்பு எந்த மண்டபமும் தேவைப்படாமல் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கிறது.

கொழும்பில் 2019இன் இறுதியில் தொடங்கிய நவீன சமகாலக் கலை அருங்காட்சியகத்தில் மும்மொழியில் விளக்கங்கள் உள்ளன, படைப்புகளைப் பற்றிய பதிவுகளும் சேர்கின்றன. மட்டக்களப்பைச் சேர்ந்த சுசிமன் நிர்மலவாசன், பாக்கியராஜா புஷ்பகாந்தன் போன்றோரின் படைப்புகள் கொழும்பிலும் வெளிநாடுகளிலும் காட்சிக்கு வந்திருப்பதால், அவை பற்றிய படங்களும் கட்டுரைகளும் எங்கேனும் இருக்கும். என் கவலை அவர்களைப் பற்றியதன்று. பட்டம் முடிக்கும் ஆண்டில் ஒரேயொரு நல்ல படைப்பைச் செய்துவிட்டு, பிறகு அட்டாளைச்சேனையிலோ வாகரையிலோ சித்திர ஆசிரியராகி, அதைப் பற்றி ஒருவரிடமும் பேசாமல் இருந்துவிடும் பிள்ளைகளைப் பற்றியது. அந்த ஒரேயொரு படைப்புத்தான் சில வேளைகளில் அந்தப் பத்தாண்டின் மிகச் சிறந்ததாக இருக்கும்.

ஏடு எவரிடம் இருக்கும்?

இதை எல்லாம் காண்பியக் கலை கற்பிக்கும் நண்பர் ஒருவரிடம் சொல்லி, ஒவ்வொரு தாபனப் படைப்போடும் செய்முறைக் குறிப்பு ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும் என்று வாதிட்டேன். என்னென்ன பொருள், எவ்வளவு, எங்கிருந்து வந்தது, எது இரவல், எது மாறலாம், எது மாறக் கூடாது, நாளுக்கு நாள் என்ன நடக்க வேண்டும், மறுபடி செய்ய எவருக்கு அனுமதி. இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம், கையால் ஒரு வரைபடம் போதும். ஒரு பிரதி மண்டபத்திலும் ஒரு பிரதி செய்தவரிடமும் இருந்தால், ஒன்று வெள்ளத்தில் போனாலும் மற்றது தப்பும். நவம்பர் மழையில் எங்கள் ஊர் அலுமாரிகள் படும் பாட்டை அறிந்தவர்கள் இதைச் சிரிக்காமல் கேட்பார்கள்.

நண்பர் சிரிக்கவில்லை; ஆனால் இரண்டு தடைகளை எழுப்பினார். முதலாவது எதிர்பார்த்ததுதான். எழுத்தைக் கட்டாயமாக்கினால் பிள்ளைகள் எழுத்துக்காகவே செய்யத் தொடங்குவார்கள். குறிப்பு ஒரு பரீட்சை விடையாகிவிடும். புள்ளி வழங்குபவருக்குப் பிடித்த சொற்கள் அதில் நிரம்பும். கைதவறி வந்த நல்ல விபத்துகள் நின்றுவிடும். இதற்கு என்னிடம் பதில் இருந்தது. குறிப்பைக் காட்சி முடிந்த பிறகு எழுதச் சொல்லலாம், அதற்குப் புள்ளி வழங்காமல் விடலாம். எழுதுவது செய்ததைப் பற்றியதாக இருக்க வேண்டும். எண்ணியதை எண்ணியபடி எழுத வைத்தால் அவர் பயந்தது நிச்சயம் நடக்கும்.

இரண்டாவது தடை என்னை நீண்ட நேரம் பேசவிடாமல் செய்தது. "நீங்கள் புகழும் பத்ததி எல்லோருக்கும் திறந்திருந்ததா?" என்று கேட்டார். இல்லை. பத்ததி குடிவழியாகச் சென்றது. எந்தக் குடி எந்தக் கடமையைச் செய்யலாம், எவர் எதுவரை வரலாம் என்ற வரையறைகளைச் சுமந்தே அது எங்கள் கைக்கு வந்தது. ஏட்டை வாசிக்கக் கூடாதவர்கள் இருந்தார்கள். பெண்கள் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலேயே நின்றார்கள். பறை அடித்தவர்களின் அறிவு எந்த ஏட்டிலும் ஏறவில்லை. பந்தல் கட்டியவர், குருத்தோலை பின்னியவர், மடைக்குச் சோறு சமைத்தவர் எவருடைய பெயரும் அதில் இல்லை. அப்படியானால் நாம் கேட்கும் குறிப்பும் நாளைக்கு யாரோ ஒரு விரிவுரையாளரின் இழுப்பறையில் பூட்டப்பட்டு, அவர் விரும்பியவருக்கு மட்டும் திறக்கும் ஏடாக மாறாது என்பதற்கு என்ன உறுதி? நண்பர் தாமே அத்தகைய விரிவுரையாளர் என்பதால், இதைக் கேட்க அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது.

நான் கண்ட விடை பாதி விடைதான். பழைய பத்ததியிலிருந்து ஒழுங்கை எடுத்துக்கொண்டு பூட்டை விட்டுவிட வேண்டும். குறிப்புகளைக் கண்காட்சி நடக்கும்போதே ஒரு மேசையில் வைக்கலாம். வருபவர் படித்துப் படம் எடுத்துச் செல்லட்டும். பொருளை இரவல் கொடுத்தவர், கூரையில் ஏறிக் கட்டியவர், உப்புச் சுமந்தவர் யாவரின் பெயரும் அவர்கள் விரும்பினால் அதில் இருக்கட்டும். பொது நூலகத்தில் ஒரு தட்டு கேட்டால் கொடுக்க மாட்டார்களா என்ன? பெட்டிக் கோப்பு ஒன்றின் விலைக்கு மேல் இதற்குச் செலவில்லை. இவ்வளவு எளிது என்றால் ஏன் நடக்கவில்லை என்று கேட்பீர்கள். கண்காட்சியின் இறுதி நாளில் எல்லோரும் களைத்திருப்பார்கள், மண்டபச் சாவியை ஒப்படைக்க வேண்டியிருக்கும், எழுதுவதற்கு அந்த நேரம் போல மோசமான நேரம் வேறில்லை. காரணம் இவ்வளவுதான் என்று நான் நினைக்கிறேன். பெரிய அலட்சியம் எதையும் நான் காணவில்லை.

வலை செய்த மாணவியிடம், நண்பரின் சந்தேகங்களையும் சேர்த்துச் சொல்லி, அவருடைய படைப்புக்கு ஒரு குறிப்பு எழுதித் தரும்படி கேட்டேன். சில வாரங்களுக்குப் பிறகு எழுதிக் கொண்டுவந்தார். கொப்பித் தாளில் நீல மையால் எழுதிய இரண்டு பக்கம். கப்பியின் உயரத்தையும் பையின் எடையையும் காட்டும் நேர்த்தியான ஒரு வரைபடம். கல்லுப்பே வேண்டும், பக்கற்றில் வரும் தூள் உப்பு கூடாது. யன்னல்கள் இரவிலும் திறந்திருக்க வேண்டும். மழைக் காலத்தில் மட்டுமே வைக்கலாம். கோடையில் கச்சான் காற்று வீசும்போது வைத்தால் கணக்குத் தவறும். வலை புதிதாக இருக்கக் கூடாது. வாவியில் பயன்பட்டதாகவும் குறைந்தது மூன்று இடங்களில் பொத்தியதாகவும் இருக்க வேண்டும். ஆனால் தன் தந்தையின் வலையே வேண்டும் என்பதில்லை, காட்சி நடக்கும் ஊரில் உள்ள ஒருவரிடம் இரவல் வாங்க வேண்டும், கொடுத்தவரைக் காட்சிக்கு அழைக்க வேண்டும். இவை எல்லாம் நான் எதிர்பார்த்த வகையிலேயே இருந்தன. கடைசி விதியை நான் எதிர்பார்க்கவில்லை: வலையை இரவல் கொடுத்தவரோ, வலை பொத்தத் தெரிந்த வேறு எவருமோ வந்து வலையைத் தூக்கிக் கட்ட விரும்பினால் அவரைத் தடுக்கக் கூடாது, கட்டிய நேரத்தை மட்டும் சுவரில் எழுத வேண்டும், அதன்பிறகு எவரும் அதை அவிழ்க்கக் கூடாது.

நண்பருக்கு இந்த விதியில் உடன்பாடில்லை. உப்பு, கப்பி, மணல் ஆகியவற்றின் கணக்கு முழுவதையும் முன்பின் தெரியாத ஒருவரின் கையில் கொடுத்துவிட்டால், முதல் மணித்தியாலத்திலேயே எவரோ வந்து கட்டிவிடுவார், பிறகு காட்சியில் பார்க்க என்ன இருக்கும் என்கிறார். அந்த வரியை நீக்கிவிட்டுக் குறிப்பைக் கோப்பில் சேர்க்கும்படி மாணவியிடமே சொல்லியும் பார்த்தார். அவர் நீக்க மறுத்துவிட்டார். மாரி தொடங்கும்போது கல்முனைப் பக்கத்தில் ஓர் இடத்தில் அதை மீண்டும் வைப்பதற்கு இப்போது பேச்சு நடக்கிறது. வலைக்கு ஆள் கிடைத்துவிட்டார், கூரை மரம் பாரம் தாங்குமா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.